மார்டன்ஹோப் கூரையின் கரி

என் தங்கை திர்சா ப்ரோபர்ட் தன் வாழ்க்கையில் ஜெயித்தவை இவை. ஐந்து வயதில், எங்கள் ஊரில் ஒன்பது பிள்ளைகளைக் கொண்டுபோன செங்காய்ச்சலிடமிருந்து உயிரை. அதற்குப் பதிலாக இடது காதைக் கொடுத்துவிட்டாள். பதினாலு வயதில், செவிட்டுப் பெண் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய மார்டன்ஹோப் மாளிகையிலேயே வேலையை. அதற்குப் பதினோரு மாதம் ஆனது. 1931-ல் வட்டாரக் கண்காட்சியில் ஆப்பிள் ஜெல்லிக்கு இரண்டாம் பரிசை. முதல் பரிசு என்று சிலர் சொல்வது தவறு, அது நடுவரின் மைத்துனிக்குப் போனது. கடைசியாக, இருபத்து மூன்று அறை கொண்ட ஒரு வீட்டை. அது அவளுக்குச் சொந்தமாகிவிடவில்லை. இடிபடாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

நான் அவளுக்கு நான்கு வயது மூத்தவன். எங்களுக்கு வேறு உடன்பிறப்பு கிடையாது. அவளைப் பற்றி ஊரில் பாதி உண்மையும் பாதி கதையுமாகப் பேசுகிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி வரிசையில், இடது காது ஆசிரியை பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தார்கள். முன்வரிசை பண்ணைக்காரர் பிள்ளைகளுக்கு. ஆசிரியை சொன்னது எதுவும் திர்சாவுக்கு எட்டவில்லை. மக்கு என்று முடிவு செய்து, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழு வருடம் அந்த இரும்பு அடுப்புக்கு விறகு போட்டாள், சாம்பல் அள்ளினாள், குழாயில் படிந்த கரியைச் சுரண்டினாள். ஈர விறகின் கரி எது, காய்ந்த விறகின் கரி எது என்று தொட்டே சொல்லுவாள். எழுத்து மட்டும் வரவில்லை. பின்னாளில் பெயர் எழுத வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பெருக்கல் குறி போடுவாள். பக்கத்தில் நான் அவள் பெயரை எழுதிக் கொடுப்பேன்.

மார்டன்ஹோப்பை முன்பக்கமிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். சிவப்புச் செங்கல் வீடு, மேலே ஐந்து ஜன்னல், கீழே நான்கு, நடுவில் வெள்ளைத் தூண் வைத்த வாசல், வயது இருநூறு வருடம். திர்சா அந்த வாசல் வழியாக உள்ளே போனதே இல்லை. வேலைக்காரர்களுக்குப் பின்கட்டு வழி. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு வீடு. கறுத்த ஓக் மரச் சட்டங்கள், நடுநடுவே வெள்ளைப் பூச்சு, ஒரு கோடுகூட நேராக இல்லாத சுவர். கூடத்தின் ஒரு கோடியில் மூன்று கதவுகள் ஒரே வரிசையில் இருக்கும். ஒன்று ரொட்டி வைக்கும் அறைக்கு, ஒன்று பீர் பீப்பாய் அறைக்கு, நடுவிலுள்ளது சமையலறைக்குப் போகும் வழிக்கு. கூடத்தின் தாழ்ந்த உட்கூரையில் சுண்ணாம்பில் ரோஜாவும் திராட்சைக்கொத்தும் செய்திருப்பார்கள். அதற்கு மேலே படுக்கையறைகள். அதற்கும் மேலே பரண்.

பரண்தான் திர்சாவின் பொறுப்பு. மற்ற பணிப்பெண்கள் ஏற மறுத்த இடம் அது. ஏப்ரல் மாதம் பெரிய சுத்தம் நடக்கும்போது, மூன்று நாள் அங்கேயே இருப்பாள். பழைய பெட்டிகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் மேலே, கூரையைத் தாங்கும் உத்தரங்கள் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவுக்கு நடுவிலும் நான்கிதழ்ப் பூ மாதிரி செதுக்கியிருக்கும். எல்லாம் கன்னங்கரேல்.

ஒரு தடவை என்னிடம் கேட்டாள்: "அண்ணா, ஒடஞ்ச நாற்காலி போடற எடத்துல எதுக்கு இவ்ளோ செதுக்கு வேலை?"

"தச்சனுக்கு அன்னிக்கு வேற வேலை இருந்திருக்காது."

"மூணு நாளு கழுத்து வலிக்கப் பாக்கறவ நானு. ஒரு நாளும் பாக்காதவன் நீ. பதில் மட்டும் ஒடனே வந்துடுது."

அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். அதற்குமேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

போர் வந்தது. ராணுவம் வீட்டை எடுத்துக்கொண்டது, நான்கு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. வீட்டுக்குச் சொந்தக்காரரான மூத்த சீமாட்டி ஹாப்டன் 1947 பிப்ரவரியில், அந்தப் பெரிய பனியில், காலமானார். வாரிசான தம்பி மகன் கென்யாவில் காப்பித் தோட்டத்தில் இருந்தார். சமையல்காரி மகள் வீட்டுக்குப் போனாள், தோட்டக்காரன் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். திர்சா மட்டும் தங்கினாள்.

இருபத்து மூன்று அறையில் ஒருத்தி. காலையில் கிழக்குப் பக்க ஜன்னல் கதவுகளைத் திறப்பாள், மத்தியானம் அவற்றை மூடி மேற்கைத் திறப்பாள். ஈரம் ஏறாமலிருக்க, தினமும் ஒரு கணப்பில் நெருப்பு மூட்டுவாள். திங்கள் நூலகம், செவ்வாய் சீமாட்டியின் அறை, இப்படி. ஆனால் அந்த நெருப்புக்கு எதிரில் உட்கார மாட்டாள். பற்றிக்கொண்டதும் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். சாப்பாடு சமையலறையில், நின்றபடி. பேச்சுத்துணைக்கு நான்தான், அதுவும் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. எட்டரை மைல் சைக்கிளில் வருவேன், நாலு மணிக்குக் கிளம்பிவிடுவேன். நான் வந்ததும் முதல் கால்மணி நேரம் அவள் குரல் கரகரவென்று இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரு, இன்னும் சூடேறல," என்பாள். பதினாலு நாளில் அவள் வாய் திறப்பதே அன்றைக்குத்தான் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

"என்கூட வந்துடேன்," என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டேன்.

"வந்து? உன் ரெண்டு அறைய ஒம்போது மணிக்குள்ள பெருக்கி முடிச்சிடுவேன். அப்புறம் உன் மூஞ்சியவா தொடைக்கறது?"

1952 செப்டம்பரில் க்ரட்வெல் என்ற கட்டட மதிப்பீட்டாளர் வந்தார். கென்யாக்காரர் வீட்டை இடித்து, மரத்தையும் ஈயத்தையும் செங்கல்லையும் தனித்தனியாக விற்கத் தீர்மானித்திருந்தார். க்ரட்வெல் கீழே இரண்டு மணி நேரம் அளந்தார். பரணில் இருந்தது இருபது நிமிடம். டார்ச் வெளிச்சத்தை உத்தரங்கள்மேல் அடித்து, உச்சுக்கொட்டினாராம்.

"இங்க நெருப்புப் பிடிச்சது எப்போம்மா?"

"நெருப்பா? பிடிக்கவே இல்லீங்களே."

"மேல பாருங்க. எல்லாம் வெந்து கெடக்குது."

"வேகல ஐயா. அது வந்து..."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க வர்றதுக்கு முன்னாடி நடந்திருக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கிவிட்டாராம். அவளுடைய இடது பக்கமாக நின்று பேசியதால் பாதிதான் கேட்டது என்றாள். கேட்ட பாதியே போதுமானதாக இருந்தது.

அக்டோபர் எட்டாம் தேதி புதன்கிழமை ஒரு தடித்த உறை வந்தது. அவளால் படிக்க முடியாது. தபால்காரனிடம் கேட்டிருக்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஜெத்ரோ மேடக்ஸிடம் கேட்டிருக்கலாம், ஆனால் அவர் படித்தால் அன்று சாயங்காலம் சாராயக்கடை முழுக்கத் தெரிந்துவிடும். நான் வரும் ஞாயிறுவரை பதினோரு நாள் ரொட்டிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். நான் உறையைப் பிரித்தபோது அதன்மேல் பானையின் வட்டம் பதிந்திருந்தது.

உரக்கப் படித்தேன். கட்டடம் சுமார் 1760-ஐச் சேர்ந்தது, தனிச்சிறப்பு ஒன்றும் இல்லை. கூரை மரங்கள் கடும் தீவிபத்தில் கருகிவிட்டன, பழுதுபார்க்க வழியில்லை. குத்தகைகள் முடியும் மார்ச் 25-ஆம் தேதி வீடு காலி செய்யப்பட வேண்டும், மறுநாள் இடிப்பு தொடங்கும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். வாளியை எடுத்து, வெந்நீர் ஊற்றி, சலவைச் சோடாவைக் கரைத்தாள்.

"கோட்டைக் கழட்டு. மேல வா."

பரணில் ஒரு உத்தரத்தின்மேல் ஈரத்துணியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். மூன்று முறை துணி கறுத்தது. நான்காம் முறை, கறுப்புக்கு அடியில் தேன் நிற ஓக் மரம் தெரிந்தது. முழு மரம். ஒரு கீறல் இல்லை.

"எரிஞ்ச மரம் கட்டம் கட்டமா வெடிச்சிருக்கும்ணா. நகம் வச்சா பொடியாக் கொட்டும். இது பளபளன்னு தார் பூசின மாதிரி ஒட்டிக் கெடக்குது பாரு. இது புகைக்கரி. தீயில வந்தது இல்ல. தினம் தினம் புகை பட்டுப் பட்டு வந்தது."

"இவ்ளோ ஒசரத்துல ஏது புகை? புகைபோக்கி அந்தக் கோடில இல்ல இருக்கு?"

"அதைத்தான் முப்பது வருஷமா நானும் கேக்கறேன். இங்க வா." கூரையின் நடுப்பகுதிக்குக் கூட்டிப்போனாள். "உத்தரத்துக்கு உத்தரம் இந்த மூணு எடைவெளி வரைக்கும்தான் கரி. இந்தப் பக்கத் தடுப்பு வந்ததும் நின்னுடுது, அந்தப் பக்கமும் அப்படியே. நெருப்புன்னா சொவத்துக்கிட்ட அனுமதி கேட்டுட்டா நிக்கும்?"

அப்புறம் கீழே கூடத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தாள். கம்பளத்தைச் சுருட்டினாள். தரையின் நடுவில் எட்டுக் கற்கள் மட்டும் மற்றவற்றைப் போல் சாம்பல் நிறமாக இல்லாமல், செம்மண் நிறமாக, விரிசல் விட்டுக் கிடந்தன.

"இந்த எட்டுல மட்டும் மெழுகு பிடிக்கவே பிடிக்காது. பழைய மேற்பார்வைக்காரம்மா கிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா? மேல கரி ரொம்பத் திக்கா இருக்கற எடம் எதுன்னா, இதுக்கு நேர் மேல. அண்ணா, இங்கதான் அடுப்பு இருந்திருக்கு. நட்ட நடுவுல."

அவள் சொன்னதில் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. வீட்டு நடுவில், புகைபோக்கி இல்லாமல் எவன் நெருப்பு மூட்டுவான்? ஆனாலும் அடுத்த செவ்வாய் விடுப்பு எடுத்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் பிரிவில் மிஸ் ஆட்லி என்ற பெண்மணி இருந்தார். நான் குறித்துக்கொண்டு போன அளவுகளைப் பார்த்தார். கரி நிற்கும் இடத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையே சைக்கிளில் மார்டன்ஹோப் வந்து சேர்ந்தார்.

பரணிலிருந்து இறங்கியபோது அவருடைய மூக்கு நுனியெல்லாம் கரி. "மிஸ் ப்ரோபர்ட், இது உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நான் தொடைச்சேன்."

புகைபோக்கி கட்டும் வழக்கம் வருவதற்கு முன் இந்த வீடு கட்டப்பட்டது என்றார் மிஸ் ஆட்லி. அப்போது படுக்கையறைகளும் இல்லை, சுண்ணாம்பு ரோஜாவும் இல்லை. தரையிலிருந்து கூரைவரை ஒரே கூடம். நடுவில் நெருப்பு, புகை மேலே போய் ஓட்டுச் சந்து வழியாக வெளியேறும். கீழேயிருந்து எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பதற்காகத்தான் அந்த நான்கிதழ்ப் பூக்கள். குறுக்கே தளம் போட்டதும், முன்னால் செங்கல் முகத்தை ஒட்டியதும் பின்னால் வந்தவர்கள். வீட்டுக்கு ஐந்நூறு வயதுக்குக் குறையாது.

"அப்போ எல்லாரும் இந்த ஒரே எடத்துலயா இருந்தாங்க?" என்று கேட்டாள் திர்சா.

"எசமான், வேலைக்காரங்க, நாயி, எல்லாம். சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாமே இந்த நெருப்பைச் சுத்தித்தான்."

"எத்தனை பேரு இருப்பாங்க?"

"நாப்பது பேரு. விசேஷம்னா இன்னும் கூட."

அடுத்த முறை நான் போனபோது, சமையலறையில் இருந்த அவளுடைய சின்ன மேசையும் ஒற்றை நாற்காலியும் கூடத்தின் நடுவில், அந்த எட்டுக் கற்கள்மேல் இருந்தன. தட்டு, கத்தி, உப்புக் கிண்ணம் எல்லாம் ஒருவருக்கு. எனக்காக இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஆட்டிறைச்சியும் ஊறுகாயும் சாப்பிட்டோம். பேசினால் குரல் கூடம் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

மாவட்ட மன்றம் இடிப்பை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டது. கென்யாக்காரரின் வழக்கறிஞர் எதிர்த்தார். லண்டனிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்து, ஊர் மன்றத்தில் இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்வார் என்று ஆனது. தேதி, மார்ச் 17. க்ரட்வெல் தன் அறிக்கையில் உறுதியாக நின்றார். மார்டன்ஹோப்பில் ஒரு தரம்கூட நெருப்புப் பிடிக்கவில்லை, அது வேறு கரி என்று முப்பத்து மூன்று வருடம் அந்த மரத்தைத் தொட்டுச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள்.

இதற்கிடையில் மேடக்ஸ் சாக்குக்கட்டியோடு வந்து போய்க்கொண்டிருந்தார். செங்கல்லை அவருக்குத் தருவதாகப் பேச்சு. எந்தச் சுவர் வேண்டும் என்று குறி போடுவார்.

"என்ன மகராசி, உன் அரண்மனை என் மாட்டுக்கொட்டாயா ஆகப் போகுது. மாடுங்ககிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன், கால் தொடைச்சிட்டு உள்ள வரணும்னு."

"உன் மாடுங்க தொடைக்கும் ஜெத்ரோ. அதுங்களுக்கு வளர்ப்பு நல்லா இருக்கு. நீதான் தொடைக்க மாட்டே."

மறுநாள் காலையில் ஈரத்துணியால் குறியை அழித்துவிடுவாள். அவர் மறுபடி போடுவார். ஐந்து தடவை இப்படி நடந்தது. கடைசித் தடவை சாக்குக்கட்டியையே விட்டுவிட்டுப் போனார்.

மார்ச் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, மிஸ் ஆட்லி அவள் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். நான்கு பக்கம். நான் உரக்கப் படித்தேன். இரண்டு இடத்தில் திர்சா திருத்தினாள். கூட்டத்துக்கு முன்னால், அதிகாரி எதிரில் கையெழுத்துப் போட வேண்டும்.

"இவளுக்குப் போட வராது," என்றேன்.

"சட்டப்படி குறி போட்டா போதும். ரெண்டு சாட்சி வேணும். ஆனா..." மிஸ் ஆட்லி தயங்கினார். "அந்த வக்கீல் விடமாட்டார். படிக்கத் தெரியாத அம்மா பேச்சைக் கேட்டு, படிச்ச நிபுணர் தப்புன்னு சொல்லணுமான்னு கேப்பார்."

"அப்போ நானே சாட்சியா என் பேர்ல எழுதிக் கொடுத்துடறேன். நானும் பாத்தேனே," என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவளுக்காக எழுதி எழுதிப் பழகிவிட்டிருந்தது.

திர்சா வலது காதை என் பக்கம் திருப்பினாள். "அண்ணா, நீ அந்த உத்தரத்தைத் தொடைச்சியா?"

"இல்ல."

"அப்போ உன் பேரு அதுல எதுக்கு? என் பேரை ஒரு தாள்ல பெரிசா எழுதிக் கொடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து.

மார்ச் 15-ஆம் தேதி மறுபடி போனேன். எங்கே எழுதிப் பழகினாள் என்று தேடினேன். ஒரு தாள்கூடக் கண்ணில் படவில்லை. சமையலறைத் தரைக்கல்லில் மேடக்ஸின் சாக்குக்கட்டியால் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்ததும் தரை அசிங்கமாக இருக்கிறதே என்று துடைத்துவிட்டிருக்கிறாள். எத்தனை தடவை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். சாக்குக்கட்டி நகமளவு மிச்சமிருந்தது. எழுதிக் காட்டு என்றேன். மறுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஊர் மன்றத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். மார்டன்ஹோப்பின் தலையெழுத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி, மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதி. மேடக்ஸ் முன்வரிசை. திர்சா கறுப்புக் கோட்டில், முழங்கையில் பையை மாட்டிக்கொண்டு, மேசைக்கு எதிரில் போய் நின்றாள்.

வழக்கறிஞர் எழுந்தார். "ஐயா, ஒரு விஷயம். இந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு கேள்விப்பட்டேன். இவங்க என்னத்துக்குக் கையெழுத்துப் போடறாங்கன்னு இவங்களுக்கே தெரியுமா?"

அதிகாரி திர்சாவைப் பார்த்தார். "இதுல என்ன இருக்குன்னு தெரியுமாம்மா?"

"நாலு பக்கம் ஐயா. முதல் பக்கத்துல நான் எப்போ வேலைக்கு வந்தேன்னு இருக்கு. ரெண்டாவதுல பரணு. மூணாவதுல கரி. நாலாவதுல அந்த எட்டுக் கல்லு. மூணாவது பக்கத்துல 'சோடாத் தண்ணி'ன்னு இருக்கணும். 'சோப்புத் தண்ணி'ன்னு இருந்துச்சு, மாத்தச் சொன்னேன். மாத்தியிருக்காங்களான்னு பாருங்க."

அதிகாரி மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். "மாத்தியிருக்காங்க," என்றார். பேனாவை மசியில் தொட்டு, அவள் பக்கம் நீட்டினார்.

முதலில் நுனியில் கூடுதலாக இருந்த மசியைத் தாளின் ஓரத்தில் ஒற்றியெடுத்தாள். பிறகு குனிந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கி, அடுத்த எழுத்தின் இடத்தைக் கண்ணால் அளந்து, பிறகு வைத்தாள். ஐந்தாவது எழுத்தில் நெடுநேரம் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாகுது ஐயா."

"இருக்கட்டும். எனக்கு ரயில் நாலு மணிக்குத்தான்," என்றார் அதிகாரி.

மன்றத்தில் அத்தனை பேர் இருந்தும் அவளுக்கு ஒருவரும் இல்லாதது போலத்தான் இருந்தது. நான் அவளுடைய இடது பக்கம் நின்றிருந்தேன். மெதுவாக, அடுத்த எழுத்து என்ன என்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. நல்ல வேளை. தானாகவே அந்த எழுத்தை முடித்து, ஆறாவதுக்குப் போய், இடம் விட்டு, குடும்பப் பெயரின் ஏழு எழுத்தையும் நிறுத்தாமல் எழுதினாள். கடைசி எழுத்தின் குறுக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, பேனாவின் நுனியைத் தன் கைக்குட்டையில் துடைத்து, அதிகாரியின் கையில் கொடுத்தாள்.

"தேதியும் போடணும்மா," என்றார் அவர்.

"அது நான் பழகல ஐயா. நீங்க போடுங்க."

அதிகாரி அவள் பெயருக்குக் கீழே தன் கையால் எழுதினார்: 1953 மார்ச் 17.